பங்குனியில் கழுவிய இலைகள்

ஈரத்துணியால் செம்பருத்தி இலையை ஒரு தரம் துடைத்தால் போதும், துணி செங்காவி நிறமாகிவிடும். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் துருப்பிடித்த ஆணி வாசனை...

அந்த வாசனை இன்றைக்குக் காலையில் மறுபடி ஞாபகம் வந்தது. அதோடு கோபமும் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டி எங்கள் தெரு. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் இரும்புக் கம்பெனி. பேர் வேண்டாம், சொன்னால் எனக்கு பிபி ஏறும். நான் அப்போது ஒரு வால்வு கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தேன். ஷிப்ட் முடிந்து வந்தால் தோட்டச் சங்கம்தான் எல்லாம்.

சங்கம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், தெருப் பெண்கள் நாங்கள்தான். அமுதா அக்கா செயலாளர். ஆடி பிறந்தால் அவள் வீட்டு வாசலில் அவரை, பீர்க்கு, புடலை விதை பிரிப்போம். யார் வீட்டுப் பீர்க்கங்காய் போன வருஷம் கசந்தது என்று சொல்லிச் சொல்லி மானத்தை வாங்குவோம். ஐப்பசி மழையில் ரோஜாக் குச்சி மாற்றிக்கொள்வோம். மார்கழியில் கோலத்துக்கு வைக்கும் பூசணிப்பூ முதலில் யார் வீட்டில் பூக்கிறது என்று ஒரு சண்டை.

தையில் தோட்டப் போட்டி. பக்கத்து இரும்புக் கம்பெனிதான் ஷீல்டு கொடுக்கும். அவர்களுடைய ஹெச்.ஆர். மேனேஜர்தான் ஜட்ஜ்.

போட்டிக்கு முந்தின நாள் தெருவே பக்கெட்டும் துணியுமாக இறங்கும். இலை இலையாகத் துடைப்போம். தூசு போட்டவனுக்கே தூசைத் துடைத்துக் காட்டி ஷீல்டு வாங்கினோம். அப்போது அது எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

பிறகு அமுதா அக்கா மகள் கீர்த்திக்கு இளைப்பு வந்தது. அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். மூச்சு இழுக்கும்போது கழுத்துக் குழி உள்ளே போகும், பார்க்க முடியாது. இந்தத் தூசியில் வைத்துக்கொண்டு மருந்து மட்டும் கொடுத்துப் பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அது சொந்த வீடு. நகையை விற்றுக் கட்டியது. அக்கா மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரிடம் நேரில் போய், கம்பெனித் தூசைப் பற்றி மனு கொடுத்தாள். ஒருநாள் வந்து பார்க்கிறோம் என்றார்கள். என்றைக்கு என்று எங்களுக்குச் சொல்லவில்லை...

கம்பெனிக்கு மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

பங்குனியில் மேனேஜர் வந்தார். "கோடை ஸ்பெஷல் போட்டி வெக்கிறோம்மா, நாளைக்கே. தோட்டத்த நீட்டா வெச்சிக்கங்க" என்றார்.

பங்குனி வெயிலில் எவனாவது தோட்டப் போட்டி வைப்பானா? எங்களுக்கு அது உறைக்கவே இல்லை. லாரியில் வந்த தண்ணீர், குடிக்கிற தண்ணீர், அதை ஊற்றிக் கழுவினோம். அமுதா அக்கா கீர்த்தியோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். பாவம், அவள் தோட்டம் மட்டும் மோசமாக இருக்கக் கூடாதென்று அதையும் சேர்த்துப் பளபளவென்று துடைத்து வைத்தோம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

மறுநாள் மேனேஜரோடு கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார். புது ஜட்ஜ் என்று நினைத்து எங்கள் சங்கத்துச் சாந்தி அவருக்கு மோர் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து அமுதா அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள், கீர்த்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"இன்னாடி இது, தெருவே மின்னிக்கினு கீது?"

"போட்டிக்கா. உன் ஊட்டையும் நாங்களே கழுவிட்டோம்" என்றாள் சாந்தி, பெருமையாக.

அக்கா அந்தக் கண்ணாடிக்காரரைப் பார்த்தாள். முகம் செத்துப்போனது. அவளிடம் மனுவை வாங்கிய அதிகாரியே அவர்தான்.

"நீங்கதானேம்மா தூசுன்னு மனு குடுத்தது? உங்க ஊட்டு இலையத்தான் தொட்டுப் பார்த்தேன். கையில ஒண்ணும் ஒட்டலியே" என்றார்.

"நேத்து தொட்டிருக்கணும் சார் நீங்க" என்றாள் அக்கா. 

மேனேஜர் சிரித்துக்கொண்டே, "நம்ம லேடீஸ் நல்லா மெயின்டெயின் பண்றாங்க சார்" என்றார். நம்ம லேடீஸாம். முதல் பரிசு யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? அமுதா அக்காவுக்கு. 

மனு தள்ளுபடி. ஆடியில் எல்லோருக்கும் விதை பிரித்துக் கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு அக்கா பழவேற்காடு பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஷீல்டைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுத்தான் போனாள்.

அடுத்த தையில் யாரும் பக்கெட்டைத் தொடவில்லை. பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. மேனேஜர் வெள்ளைச் சட்டையில் வந்தார். ரோஜாச் செடி ஓரம் உரசி, கையெல்லாம் செங்காவியாகத் திரும்பிப் போனார். அதுதான் எங்கள் சங்கம் சேர்ந்து செய்த கடைசிக் காரியம்.

இப்போது நான் திருவள்ளூரில், அபார்ட்மென்ட் பால்கனியில் நாலைந்து தொட்டி வைத்திருக்கிறேன். கீர்த்திக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. அவள் கைப்பையில் இன்ஹேலர் இன்னும் இருக்கிறது.

இன்றைக்குக் காலையில் சாந்தி எங்கள் பழைய தெருக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ போட்டாள். அவள் இன்னும் அதே தெருவில்தான். புது சங்கம், புது மேனேஜர், புது ஷீல்டு. பின்னால் செம்பருத்தி, எண்ணெய் தடவின மாதிரி மின்னுகிறது. எல்லோரும் சூப்பர், அருமை என்று போட்டிருந்தார்கள்.

"துடைச்ச துணியையும் போட்டோ எடுத்துப் போடு சாந்தி" என்று நான் போட்டேன்.

போட்ட கையோடு கொஞ்சம் ஓவராகப் போய்விட்டேனோ என்றுகூடத் தோன்றியது. அந்தப் பூசணிப்பூச் சண்டையெல்லாம் ஞாபகம் வந்தது...

சாயங்காலம் சாந்தி எனக்கு மட்டும் தனியாக ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். கொடியில் ஒரு துணி காய்கிறது. செங்காவி நிறம்.

கீழே, "என் பேத்திக்கும் இளைப்பு வந்துகீதுடி" என்று எழுதியிருந்தாள்.