பச்சையாக நின்ற கொல்லை

போன ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்திலிருந்து பஸ் பிடித்துக் கூரம் போனேன். மனைவியின் தம்பி ஏகாம்பரத்தின் ஊர். வழியெல்லாம் வேர்க்கடலைக் கொல்லைகள் — அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை — கருகிக் கிடந்தன. அவன் கொல்லை மட்டும் பச்சைப் பசேலென்று!

"கெட்டிக்காரன்டா நீ!" என்று முதுகில் தட்டினேன்.

அவன் முகம் செத்துவிட்டது. "மெதுவா பேசு மாமா. பக்கத்துக் கொல்லையில ஆள் இருக்குது."

ஏகாம்பரம்தான் பஞ்சாயத்து ரேடியோவுக்குப் பொறுப்பு. விவசாய நிகழ்ச்சியில், இந்தப் பருவம் மழை எப்படி என்று சொல்வார்கள் இல்லையா? போன வருஷம் 'நல்ல மழை' என்றார்கள். இவன் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். வந்ததா மழை? கையை விரித்துவிட்டது. அன்றிலிருந்து ஊருக்கே இவன் 'மழை ஏகாம்பரம்'. பெயர் வைத்த புண்ணியவான் வேறு யாருமில்லை... நான்தான். போன வருஷம் வந்தபோது டீக்கடையில் சொன்னேன். கடையே சிரித்தது.

இந்த வருஷத்துக் கதையை அவனே தாழ்ந்த குரலில் சொன்னான். ரேடியோ வேறு மாதிரி சொன்னது. ஆடியில் ஒரு மழை பெய்யலாம், அப்புறம் வெகுநாள் காயலாம், விதைப்பைத் தள்ளிப் போடுங்கள் என்று. மறுபடியும் சிரிப்பார்களே என்று பயந்து, மற்றவர்கள் வந்து சேருமுன் குமிழைத் திருகிப் பாட்டு வைத்துவிட்டான் ஏகாம்பரம்.

ஆனால் தன் விதையை மட்டும் மூட்டையிலேயே வைத்துக்கொண்டான்!

ஆடி மழைக்கு ஊரே விதைத்தது. முளைத்தது. கருகியது. ஆவணி மழைக்கு இவன் விதைத்தான். மற்றவர்களிடம் மறுபடி விதைக்க விதை ஏது?

"அந்தப் பச்சையைப் பாக்கவே கூசுது மாமா. தலையக் குனிஞ்சிக்கினே களை எடுக்கறேன்" என்றான்.

அன்று மாலை ரேடியோ முன் ஊர் கூடியது. நான் எதிர்பார்க்கவேயில்லை — ஏகாம்பரம் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பக்கத்துக் கொல்லைக்கார வள்ளியம்மாதான் எழுந்தாள்.

"எங்காதுலயாவது போட்டிருக்கக் கூடாதாப்பா? கேக்காம வெதச்சிருந்தா அது என் தலையெழுத்து. நீ வாயே தொறக்கலியே..."

"அறுவடையானதும் வெதைக்கு மல்லாட்டை நான் தரேன்க்கா."

அவள் முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள். வாங்குவாளா? தெரியவில்லை.

இந்த மழைக் கணிப்பால் பிரயோஜனம் உண்டா என்று படித்தவர்கள் விவாதிக்கிறார்கள். தப்பும், பலிக்கும் — அது வானத்தின் குணம். ஆனால் ஒருமுறை தப்பியதற்கு, சேதி கொண்டுவந்தவனை வருஷம் பூராவும் கேலி செய்தால், பலிக்கப்போகும் சேதியை யார் கொண்டுவருவார்கள்?

பஸ் ஏற்றிவிட ஏகாம்பரம் வந்தான். "எல்லாம் நான் வைத்த பெயரால் வந்த வினைடா" என்றேன்.

"நீ சிரிச்ச மாமா, அவ்ளோதான். வாய மூடிக்கினது நானு."

அதற்குப் பதில் அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.