புழுக்காரருக்குப் போன நத்தைக் கடிதம்

முனைவர் பட்டம் வாங்கிய பிறகு எட்டு மாதம் அபிஷேகப்பாக்கத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தேன். என் ஆராய்ச்சி வயல் நத்தைகளைப் பற்றியது. அடுத்து வெளிநாட்டு ஆய்வகம் எதிலாவது போஸ்ட்டாக் கிடைக்க வேண்டும். காலையில் பேராசிரியர்களைத் தேடுவேன், மத்தியானம் மெயில் எழுதுவேன், சாயந்திரம் பதில் வராததைப் பார்ப்பேன்.

அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை.

"டாக்டரு பட்டம்தான் வாங்கிட்டியே, அப்புறம் இன்னாடி?"

"போஸ்ட்டாக்மா. படிப்பு முடிச்சவங்க செய்ற ஆராய்ச்சி."

"வேலைன்னா வேலைன்னு சொல்லு, படிப்புன்னா படிப்புன்னு சொல்லு. நடுவுல இன்னாது அது?"

எனக்கும் சரியாகத் தெரியவில்லை.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஒரே மெயிலை வைத்துக்கொண்டு பெயரையும் நடுப்பத்தியையும் மட்டும் மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பெயரை மாற்றியவள் பத்தியை மறந்துவிட்டேன். ஜெர்மனியில் மண்புழு ஆராயும் ஒருவருக்கு, 'உங்கள் நத்தைக் கட்டுரைகளைப் படித்துத்தான் இந்தத் துறைக்கே வந்தேன்' என்று போய்விட்டது. பார்த்ததும் லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாளே பதில் வந்திருந்தது.

'மிக்க நன்றி. நான் இதுவரை ஒரு நத்தையைக்கூட ஆராய்ந்ததில்லை. நீங்கள் தேடுவது என் மனைவியை. அவளுடைய ஆய்வகம் இதே கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கிறது. உங்கள் மெயிலை அவளுக்கு அனுப்பிவிட்டேன். காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள்.'

அடுத்த வாரம் அந்த அம்மையார் வீடியோவில் நேர்காணல் வைத்தார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அம்மா கொல்லைப்பக்கமிருந்து ஒரு குண்டான் நிறைய நத்தையோடு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் அம்மையார், திரைக்கு இன்னும் அருகில் வந்து.

"இன்னா கேக்குறாங்க?" என்றார் அம்மா.

"கையில இன்னான்னு கேக்குறாங்க. நீ போம்மா!"

"நத்தைன்னு சொல்லு. கொழம்பு வைக்கப் போறேன், வந்தா சாப்பிட்டுப் போவச் சொல்லு."

வேறு வழியில்லாமல் சொன்னேன். அம்மையார் விடவில்லை. எந்த வயலில் எடுத்தது, கோடையில் எங்கே போகும் என்று அடுக்கிக்கொண்டே போனார். சேறு காய்ந்தால் அடியில் புதைந்துகொள்ளும், முதல் மழைக்கு மேலே வரும் என்றார் அம்மா. நான் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டேன். யாருக்கு நேர்காணல் என்றே கடைசியில் புரியவில்லை.

பத்து நாளில் இரண்டு வருட வேலைக்கான கடிதம் வந்தது. அம்மாவிடம் சொன்னதும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "அங்க குளுரு ஜாஸ்தியாமே?"

கத்திரி வெயிலில் புதுச்சேரிக்கு பஸ் ஏறினோம். கடைக்காரர் பரண்மேலிருந்து தூசி தட்டி ஒரு ஸ்வெட்டரை இறக்கினார். போட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்று அம்மா நின்றுவிட்டார். போட்டேன். கழுத்து வழியாக வியர்வை ஓடியது.

"கையைத் தூக்குடி, பாக்கலாம்" என்றார் அம்மா. தூக்கினேன்.