தாய்மாமன் மடியில் தப்பித்த இன்டர்வியூ

இன்று விழுப்புரம்–திண்டிவனம் பஸ்ஸில் பூமி ஒரு நிமிடம் சுற்றாமல் நின்றது.

பக்கத்து சீட்டில் அக்கா மகள் கலை. எட்டு மாதமாக சாஃப்ட்வேர் வேலை தேடுகிறாள். கடைசிச் சுற்று இன்டர்வியூவுக்கான போன் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது. பஸ் இரைச்சலில் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"கோ மொழியில ஒரு ஸ்ட்ரக்டை இன்னொன்னுக்குள்ள எம்பெட் பண்ணா, அது இன்ஹெரிட்டன்ஸ்தானே?" என்றது போன் குரல். அதாவது, கோ என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு தகவல் பெட்டியை இன்னொன்றுக்குள் குடிவைத்தால், வாரிசு மாதிரி வெளிப்பெட்டியும் உள்பெட்டியின் இனமாகவே ஆகிவிடுமா என்று.

இன்ஹெரிட்டன்ஸும் நானும் அறுபதுகளில் பிறந்தவர்கள். அந்தப் பாசத்தில், "ஆமான்னு சொல்லுடி!" என்று பஸ் கண்ணாடி அதிரக் கிசுகிசுத்தேன்.

கலை என் வாயைப் பொத்தினாள். "இல்ல சார்."

"ஏன்?"

அவள் யோசித்த நேரத்தில் வீடூர் அணையே வற்றியிருக்கும்.

"எங்க மாமா எங்க வீட்லயே தங்கிக்கினு இருக்காரு சார். அவர் பைக்கை என்னுது மாதிரியே ஓட்டிக்கினு போவேன். ஆனா மேல்மலையனூர்ல காது குத்த தாய்மாமன் மடி கேட்டா, நான் போய் உக்கார முடியாது. மாமா உள்ள இருக்காரு, அதுக்காக நான் மாமா ஆயிட மாட்டேன்."

மறுமுனையில் சிரிப்பு. "எப்ப சேர்றீங்க?"

பதினெட்டு வருஷமாக அக்கா வீட்டில் விருந்தாளி என்றே நினைத்திருந்தேன். எம்பெட் ஆகியிருப்பது இன்றுதான் தெரிந்தது.

உங்கள் வீட்டுக்குள் எத்தனை மாமா?