வழியில் ஏற்றிய கற்பூரம்

ஆர்.கே.பேட்டை பாஞ்சாலி கூலிக்குக் களை எடுத்தவள்தான். ஆனால் அவள் முன்னால் நடக்காமல் எங்கள் ஊர்க் காவடிக் கூட்டம் மலைப்பக்கம் கால் வைக்காது. சும்மா வந்த மரியாதையா அது?

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குப் போகையில், குறுக்கு வழியில் கூட்டத்தைத் தவறவிட்டாள். பயத்தில் இங்கும் அங்கும் ஓடினாள். ஓட ஓடத் திசையே தெரியவில்லை. மறுநாள் ஆடு மேய்க்கிற பூவம்மாள் கண்ணில் பட்டதால் உயிர் பிழைத்தாள்.

"ஓடாம ஒரே எடத்துல ஒக்காந்துகினு பொகை போட்டிருந்தா நேத்தே பாத்திருப்பேனே!" என்றாள் பூவம்மாள். பாஞ்சாலிக்குச் சுருக்கென்று தைத்தது.

அப்புறம் விடுவாளா? வேலை இல்லாத நாளெல்லாம் பூவம்மாளோடு மலை ஏறினாள். ஓடை மணலைத் தோண்டித் தண்ணீர் எடுக்க, மழையில் பாறை இடுக்கிலிருந்து சுள்ளி பொறுக்க, முறிந்த காலை அசையாமல் கட்ட எல்லாம் கற்றாள். யுத்த காலம், தீப்பெட்டி குதிரைக்கொம்பு. சக்கிமுக்கிக் கல்லும் இலவம்பஞ்சும் போட்ட தகர டப்பா எப்போதும் அவள் இடுப்பில் இருக்கும்.

"காட்டுல குடித்தனம் பண்ணப் போறியா?" என்று கேலி செய்தான் புருஷன் பெருமாள்.

மறு வருஷம் அவனே காவடி எடுத்தான். பாஞ்சாலியும் கூட வந்தாள்; இருவரும் கூட்டத்துக்குக் கடைசியில் நடந்தார்கள். சரிவில், தூறலில் கால் வழுக்கியது. பாறையைப் பிடித்திருக்கலாம், கை காவடியை விட்டால்தானே! காவடி தரையில் படவில்லை. கால்தான் முறிந்தது. கூட்டமோ அரோகரா போட்டபடி எட்டாத தூரம் போய்விட்டது. மழை வலுத்து, அவன் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. இப்படியே விட்டால் ஆள் தேறமாட்டான்.

ஓடிப்போய் யாரையாவது கூட்டிவர அவளுக்குக் கால் பரபரத்தது. "ஒக்காருடி!" என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். காவடியைக் கிளையில் மாட்டினாள். குச்சி வைத்து, முந்தானையைக் கிழித்துக் காலைக் கட்டினாள். அவனைப் பாறைக்கடியில் இழுத்துப் போட்டுச் சுள்ளி குவித்தாள். பஞ்சில் பொறி விழுந்தது, நமுத்த சுள்ளிதான் பிடிக்கவில்லை. காவடியில் கட்டியிருந்த கற்பூரப் பொட்டலத்தை அவிழ்த்தாள்.

"ஐயோ, சாமிக்கு வச்சதுடி!"

"மல பூரா சாமிதானே பாவா? இங்கியே வாங்கிக்குவாரு."

கற்பூரம் குப்பென்று பிடித்தது. அவனுக்குச் சூடு ஏறியதும், மழை விட்ட வேளை பார்த்துப் பச்சைத் தழையைப் போட்டாள். புகை மரத்துக்கு மேலே எழுந்தது. பொழுது சாய்வதற்குள் பூவம்மாள் ஆட்களோடு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

பெருமாளை ஒரு கயிற்றுக் கட்டிலில் போட்டு, காவடியோடு கோயிலுக்குத் தூக்கிப்போனார்கள். கற்பூரம் எங்கே என்று கேட்டார் குருக்கள்.

"அது வழியிலியே ஏத்தியாச்சு சாமி!" என்றான் பெருமாள், பிராகாரம் முழுக்கக் கேட்கும்படி. "ஏத்துனது எம் பொண்டாட்டி!"