என் முறை வருமுன் கிளம்பிவிட்டேன்

நத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாரம் இருமுறை என் கணவரை டயாலிசிஸுக்குத் திண்டுக்கல் அழைத்து வருகிறேன். டவுனுக்குள் நுழைந்ததும் பஸ் நகராது. ரோட்டை அடைத்துக் கார்கள் நிற்கும். ஒருநாள் தாமதமாகப் போனதால் அவருக்கான மெஷினை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மூச்சு வாங்க வாங்க வீடு திரும்பினார்.

பஸ்ஸுக்குத் தனிப்பாதை விடலாமா என்று மாநகராட்சியில் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தபோது ஓடினேன். முன்வரிசை முழுக்கக் கடைக்காரர்கள். பேசுபவர்கள் பட்டியலில் என் பெயரைக் கடைசியில் எழுதிக்கொண்டார்கள். அதற்குள் எங்கள் ஊர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. விட்டால் அடுத்தது மூன்று மணி நேரம் கழித்துத்தான். வீட்டில் அவர் தனியாக இருந்தார். வேறு யாராவது சொல்லுவார்கள் என்று கிளம்பிவிட்டேன்.

பிறகு போய் விசாரித்தேன். "பஸ்ல போறவங்க ஒருத்தர்கூடப் பேசலையேம்மா. பேசுன அம்புட்டுப் பேரும் கடை வாசல்ல வண்டி நிறுத்தணும், பாதை வேணாம்னுட்டாங்க. கைவிட்டாச்சு" என்றார் அலுவலர்.

இன்றும் அதே நெரிசல். "இறங்கி நடந்துருவமா?" என்கிறார் இவர். பத்தடி நடந்தாலே இரைக்கிற மனிதர்!

இப்போதெல்லாம் எந்தக் கூட்டமானாலும் போனவுடனே மனுவாக எழுதிக் கொடுத்து, சீல் வாங்கிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். அந்தக் கூட்டத்தை மட்டும் இன்னொருமுறை யாரும் கூட்டவில்லை.