புறங்கையால் தொட்ட கதவு

காலையில் கடை திறக்கும்போது கதவின் இரும்புப் பிடியை நான் உடனே பிடிக்க மாட்டேன். முதலில் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பார்ப்பேன். பிறகுதான் பிடித்து இழுப்பேன். யூனிஃபார்ம் பேன்ட் சுருக்க வருகிற கம்பெனிப் பையன்கள் நான் ஏதோ சாமி கும்பிட்டுவிட்டுக் கடை திறப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். ஒவ்வொருவருக்கும் நின்று கதை சொன்னால் என் தையல் மெஷின் எப்போது ஓடுவது? எங்கள் அம்மா சாகும்வரை எந்த இரும்பையும் இப்படித்தான் தொட்டாள். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது என் அண்ணி.

கடை என்று சொல்கிறேனே தவிர, இது ஒரு வண்டி. ஒரகடம் பக்கம் புதிதாக ஒரு தொழிற்சாலை கட்டியபோது வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்குவதற்காகக் கொண்டுவந்த டிரெய்லர். கட்டில், சின்ன அடுப்படி, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே உண்டு. எஞ்சின் மட்டும் கிடையாது, இன்னொரு வண்டிதான் இழுத்துப்போக வேண்டும். அவர்கள் ஊருக்குப் போன பிறகு காயலான் கடையில் வெயிலும் மழையும் தின்றுகொண்டு கிடந்ததை என் அண்ணன் டிராக்டரில் கட்டி இழுத்து வந்தான். வல்லம் வடகாலில் எங்கள் வீட்டுக்கு எதிரே, தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்ததுபோக மிஞ்சியிருந்த துண்டு மண்ணில் நிறுத்தினான். ஊர்க்காரர்கள் அன்றைக்கே அதற்கு ‘வண்டி வூடு’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

சொந்த வீடு எதிரே இருக்க அவனுக்கு எதற்கு வண்டி வீடு? எல்லாம் அம்மாவின் பிடிவாதம்தான். அண்ணன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அண்ணி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இருங்காட்டுக்கோட்டையில் காருக்குள் போகிற ஒயர்களைக் கட்டுக்கட்டாகக் கட்டித் தரும் கம்பெனியில் லைனில் நின்றவள். எங்கள் ஆட்களும் இல்லை. இருவரும் ரெஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றபோது, அந்தப் பெண் தன் வாசற்படி ஏறக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அண்ணனும் அதே வயிற்றில் பிறந்தவன்தானே, அவனுக்கு மட்டும் வீம்பு இருக்காதா? நான் நடுவில் மாட்டிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குழம்புக் கிண்ணம் கடத்தினேன்.

வண்டியில் ஒரு ஒயர்கூட உருப்படியாக இல்லை. சுவர்ப் பலகைகளுக்குள் இருந்ததையெல்லாம் எலி கடித்துப் போட்டிருந்தது. உள்ளூர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், வெளிநாட்டு சமாச்சாரம், தனக்குப் பிடிபடாது என்று நழுவினார். அம்மாவுக்குப் பயந்து வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியாதா என்ன. சித்திரை வெயில். தகரப் பெட்டிக்குள் ஃபேன் இல்லாமல் அண்ணி வெந்துகொண்டிருந்தாள். அப்போது அவள் வயிற்றில் பிள்ளை வேறு. கடைசியில் அவளே சொன்னாள், தினமும் கம்பெனிக்காரனுக்குக் கட்டிக் கொடுக்கிறோம், நம் வீட்டுக்குக் கட்டிக்கொள்ள முடியாதா என்று.

அவள் வேலை செய்த விதம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. எலக்ட்ரீஷியன்கள்போல ஒயரைச் சுவரில் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போகவில்லை. வேப்பமர நிழலில் ஒரு பழைய பிளைவுட் பலகையைப் போட்டாள். வண்டியின் படத்தை அதில் சாக்பீஸால் வரைந்தாள். லைட் வருகிற இடம், ஃபேன் வருகிற இடம், திரும்புகிற மூலை எல்லாவற்றிலும் ஆணி அடித்தாள். ஆணிகளுக்கு நடுவே சிவப்பும் கறுப்புமாக ஒயர்களை ஓட்டி, கறுப்பு டேப்பைச் சுற்றிக்கொண்டே போனாள். பேசிக்கொண்டே சுற்றுவாள், கை அதுபாட்டுக்கு ஓடும். முழு ஒயர்க் கட்டையும் வெளியிலேயே முடித்து, அப்படியே தூக்கிக்கொண்டு போய் உள்ளே பொருத்தினாள். தெருப் பெண்கள் சோறு வடிப்பதை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்க்காத மாதிரி பார்ப்பதில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை.

அன்று மதியம் அம்மா என்னைக் கூப்பிட்டாள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தப் பெண் வேகிறதே, நம் வீட்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கொடுக்கச் சொல் உங்கள் அண்ணனை என்றாள். நான் ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் மறு பேச்சு பேசாமல் ஒயரை இழுத்து எங்கள் கூடத்தில் பிளக்கைச் செருகினான். எதிரே வண்டியில் ஃபேன் சுற்றியது. நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்த கோலத்தில், கம்பெனி ஷூவைக்கூடக் கழற்றாமல் கடைசி முடுக்கு முடுக்கிக்கொண்டிருந்த அண்ணி இறங்கி வந்து எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா ஒரு சொம்பு மோரை எடுத்துக்கொண்டு, அந்த மண்ணை முதல் தடவையாக மிதித்தாள்.

யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பை வெளியே விடுகிற வழக்கம் நமக்கு. அம்மாவும் விட்டாள். முந்தின நாள் பெய்த கோடை மழையில் மண் நசநசவென்று இருந்தது. அம்மா கதவுப் பிடியைப் பிடித்தாள். ஒரு அலறல்தான் கேட்டது. சொம்பு ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். அண்ணன் பாய்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினான்.

உயிருக்கு ஒன்றுமில்லை, கை மரத்துப்போனதோடு விட்டது. ஆனால் ஊர் வாயை யார் மூடுவது? மருமகள் வந்ததும் வராததுமாக மாமியாருக்கு ஷாக் வைத்துவிட்டாள் என்று டீக்கடை வரைக்கும் பேச்சு. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவ்வளவுதான், இனி இந்த ஜன்மத்தில் ஒட்டாது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அண்ணி அழவில்லை. வண்டிக்குள் போய்க் குடைந்து பார்த்துவிட்டு, எங்கள் வாசற்படிக்கு வெளியே வந்து நின்றாள்.

“என் தப்புதான் அத்தை. கார்ல கறுப்பு ஒயர பாடியிலதான் முறுக்குவோம். கைப் பழக்கத்துல இங்கயும் முறுக்கிட்டேன்.”

காருக்கு ஓடுவது பேட்டரி கரன்ட், அதன் பாடித் தகரத்தைத் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. இங்கே வந்தது வீட்டு கரன்ட். இரண்டு முனை பிளக் திரும்பிச் செருகப்பட்டதில் அது கறுப்பு ஒயர் வழியாக வண்டி முழுக்க ஏறி நின்றிருக்கிறது. கீழே ரப்பர் டயர், அண்ணியின் காலில் ஷூ, ஆகவே யாருக்கும் தெரியவில்லை. ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று தொட்ட முதல் ஆள் அம்மா. இதையெல்லாம் அண்ணி ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மா திரும்பவில்லை.

அடுத்த வார லீவு நாளில் அண்ணி மொத்த ஒயர்க் கட்டையும் கழற்றி மறுபடி பலகையில் போட்டாள். இந்தத் தடவை பச்சை ஒயர் ஒன்றும் சேர்ந்தது. அண்ணன் குழி தோண்டிக் கம்பி இறக்கி, கரியும் உப்பும் கொட்டி எர்த் போட்டான். கரன்ட் கசிந்தால் தானாக விழுகிற சுவிட்ச் ஒன்றும் வந்தது. பிளக்கைச் செருகியாயிற்று. அண்ணி ஷூவைக் கழற்றினாள். குடத்துத் தண்ணீரைக் கதவடியில் ஊற்றி, அதில் வெறுங்காலோடு போய் நின்றாள். அண்ணன் டெஸ்டர் வைத்துப் பார்த்தாயிற்றே என்று கத்தினான். டெஸ்டர் சொன்னால் மட்டும் போதாது, அத்தை தொட்டமாதிரியே நானும் தொட்டால்தான் ஆச்சு என்றாள். உள்ளங்கையால் தொட்டால் கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறித் தள்ளிவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே கையைத் திருப்பினாள்.

எங்கள் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. ஒரு வாரமாக வாய் திறக்காத அம்மா, செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தாள். அண்ணியின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

“புள்ளத்தாச்சி பொண்ணு தொடற பொருளா இது? நவுரு. எனக்கு ஏற்கெனவே அடிச்சதுதான, இன்னொரு தபா அடிச்சா இன்னா.”

அண்ணி தடுப்பதற்குள் அம்மா தண்ணீரில் நின்று, அவள் சொன்ன மாதிரியே புறங்கையை வைத்துவிட்டாள். ஒன்றும் இல்லை. அம்மா கையைத் திருப்பிப் பிடியைப் பிடித்து, கதவைத் திறந்து உள்ளே போய், ஃபேனுக்கு அடியில் சட்டமாக உட்கார்ந்துகொண்டு மோர் இருக்கிறதா என்று கேட்டாள். அண்ணி அப்போதுதான் அழுதாள்.

பிள்ளை பிறந்ததும் அண்ணனும் அண்ணியும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வண்டி எனக்கு வந்தது. போன வருஷம் அம்மா படுக்கையில் விழுந்தபோது கூடவே இருந்தது அண்ணிதான். ஆஸ்பத்திரியில் கடைசியாக நினைவு இருந்த நாள். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க, அண்ணி அம்மாவின் நெற்றியில் புறங்கையை வைத்தாள். அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“இன்னாடி, கரன்ட் கீதா?”

“இருக்கு அத்தை” என்றாள் அண்ணி.

இன்று காலையும் பிடியைப் புறங்கையால் தொட்டேன். இரவு மழையில் இரும்பு சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றுவிட்டுக் கதவைத் திறந்தேன்.