ஒண்ணுமில்லை என்று சொல்லிச் சொல்லி

எனக்கு மூட்டுவாதம் வந்து ஆறு வருடமாகிறது. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. பல் துலக்க பிரஷைப் பிடிப்பதற்கே இரண்டு கையும் வேண்டும். வெயில் ஏற ஏற இறுக்கம் தளரும். பதினோரு மணிக்குப் பார்ப்பவர்களுக்கு நான் நன்றாகத்தான் இருப்பேன்.

சிவகாசி பக்கம் எம். புதுப்பட்டியில் ஒரு வெடிக் கம்பெனியில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறேன். பக்கத்தில் உட்காரும் அக்கா ஒருநாள், "சோத்துச் சட்டியத் தொறக்கும்போது மட்டும் இவ கை நல்லா மடங்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டால் பேச்சு அதோடு போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. தினமும் ஏதாவது சொன்னார்கள், தினமும் சிரித்தேன்.

போன ஆடியில் கணவர் வீட்டாரோடு இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குப் போனோம். காலை ஏழு மணிக்கு ஆற்று மணலில் பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. கணவரின் அக்கா பானையை இறக்கச் சொன்னார்.

"நீங்க எறக்குங்க மதினி, எனக்குக் கை..."

அவர் முடிக்க விடவில்லை. "ஆளப் பாத்தா சீக்காளி மாதிரியா இருக்கு? வேலைன்னா மட்டும் ஒனக்கு வலி வந்துரும்."

சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வீம்பு வந்துவிட்டது. துணியைச் சுற்றிப் பானையைத் தூக்கினேன். ஓரடிகூட நகர்ந்திருக்க மாட்டேன், விரல்கள் விட்டுவிட்டன. பாதிப் பொங்கல் மணலில் கிடந்தது.

"வேணும்னேதான் போட்டா" என்றார் மதினி.

கணவர் மண் படாத சோற்றை இலையில் அள்ளினார். நான், "கால் வழுக்கிருச்சு" என்றேன். சாமி சோற்றைக் கொட்டிவிட்டு, பொய்யும் சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில், ஒன்பதாவது படிக்கும் என் மகள் மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, ஒனக்கு நெசமாவே வலிக்கா? இல்ல அத்தை சொல்ற மாதிரியா?"

கோபம் வந்தது. ஆனால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவள் கேட்கும்போதெல்லாம் ஒண்ணுமில்லை என்றுதானே சொல்லியிருக்கிறேன். தலை பின்னிவிடச் சொல்லிச் சீப்போடு வந்தவளை, "இம்புட்டு வயசாச்சு, நீயே பின்னப் பழகுனா என்ன" என்று எத்தனை நாள் காலையில் விரட்டியிருக்கிறேன். கை வரவில்லை என்று சொல்வதைவிட, பொல்லாத அம்மாவாக இருப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

அதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் என் வீங்கிய விரல் கணுவை லேசாகத் தொட்டாள். நான் முகம் சுளித்ததும் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்பவே சொல்லிருக்கலாம்லம்மா. ஒனக்கு என்னையப் பிடிக்கலன்னு நெனச்சேன்."

சிவகாசி வரும்வரை என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் கம்பெனியில் அந்த அக்கா வழக்கம்போல ஆரம்பித்தார். "காலையில உயிர் போற மாதிரி வலிக்குதுக்கா. இதச் சொல்லிச் சிரிக்காதீக" என்றேன். அவர் கையிலிருந்த லேபிளை ஒட்டி முடித்தார். பிறகு, "எங்களுக்கு எப்படித் தெரியும்? நீயும்ல சேந்து சிரிச்ச" என்றார்.

நான் அடுத்த பெட்டியை எடுத்தேன்.

இப்போது காலையில் கனமான பெட்டிக் கட்டுகளை அந்த அக்காவே நகர்த்தி வைக்கிறார். மதினி மாறவில்லை. யாராவது கேட்டால் முடியவில்லை என்று சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது மட்டும் இன்னும் தலை தானாகக் குனிந்துகொள்கிறது.